பாலத்துக் கத்தரியும் கட்டிலடி நாயும்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் கடை போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் என்னவென்று சொல்லிவிடுவேன். “அண்ணா, காலையில கொண்டாந்து விட்டோமே, பிரவுன் ஷிட்சு... வந்ததுலேருந்து கட்டிலுக்கு அடியிலயே கிடக்கு. பிஸ்கட் காட்டினாலும் வர மாட்டேங்குது. என்னண்ணா பண்ணீங்க?” அந்தக் கடைசிக் கேள்வியில் மட்டும் குரல் லேசாகத் தடிக்கும். இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறு. பொமரேனியன் ஹாலுக்கும் பால்கனிக்கும் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது, சோபாவில் முதுகைத் தேய்க்கிறது, திரும்பவும் ஓடுகிறது. மூன்றாவது வகை, இரண்டு நாய் வளர்ப்பவர்கள். முடி வெட்டிக்கொண்டு போனதைப் பார்த்து வீட்டிலிருந்தது உறுமுகிறதாம். நேற்றுவரை ஒரே பாயில் படுத்த உறவு.

காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். “வெட்கப்படுதுங்க.” “எங்க மேல கோவம்.” “முடி போனது அதுக்கு அவமானமா இருக்கு போல.” நான் மறுத்துப் பேசுவதில்லை. வாடிக்கையாளரிடம் வாதாடி ஜெயித்தால் அடுத்த மாதம் அவர் வேறு கடைக்குப் போவார்.

என் அப்பா பாளையங்கோட்டையில் சலூன் வைத்திருந்தார். நான் சென்னைக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஏலே, நாய்க்கு முடி வெட்ட எவன் துட்டு குடுப்பான்?” குடுப்பவன் எப்போதிருந்து இருக்கிறான் என்று தேடப் போய்த்தான் இந்தத் தொழிலின் பழங்கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறைத்தது. கத்தரி பட்ட நாய் வீட்டில் வேறு மாதிரி நடந்துகொண்டால், மனிதர்கள் எல்லாக் காலத்திலும் நாயின் மனசைத்தான் காரணம் காட்டியிருக்கிறார்கள். வெட்டியவன் கையில் என்ன இருந்தது, நாய் எவ்வளவு நேரம் எங்கே நின்றது என்று பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவர் கெர்வேஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர். 1621ல் பறவை வேட்டை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் காலத்தில் துப்பாக்கியோடு ஏரிக்கரைக்குப் போகிறவர்கள், தண்ணீரில் விழுந்த வாத்தை எடுத்துவர ஒரு சுருள்முடி நாயை வைத்திருந்தார்கள். இன்றைய பூடிலுக்குப் பாட்டன் முறை. அந்த முடி நனைந்தால் நாயின் எடை ஏறிவிடும், நீந்த முடியாது. அதனால் தொப்புளுக்குப் பின்னால் உள்ள பாதியை மழித்துவிட்டு, நெஞ்சுப் பக்கம் மட்டும் முடியை விடும் வழக்கம் இருந்தது. மார்க்கம் அதைப் பற்றி நிதானமாக எழுதுகிறார்: கோடையில் செய்யலாம், குளிர்காலத்தில் வேண்டாம், குளிரைத் தாங்க இயற்கை போர்த்திவிட்டதை நாம் உருவக்கூடாது. நாலு நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவர் வெட்கம், ரோஷம் என்றெல்லாம் போகாமல் நாயின் உடம்பைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கடைச் சுவரில் மாட்டலாமா என்றுகூட யோசித்தேன். படிக்க யாருக்கு நேரம்?

வேட்டைக்கு வெட்டியது சீக்கிரமே அலங்காரத்துக்கு வெட்டுவதாக மாறியது. முன்பாதி பிடரி, பின்பாதி மொட்டை, வால் நுனியில் ஒரு குஞ்சம். ‘சிங்க வெட்டு’ என்று பேர் வாங்கிக்கொண்டு அது சீமாட்டிகளின் மடிக்கு வந்து சேர்ந்தது. மூட்டுகளில் குளிர் ஏறாமல் விட்டுவைத்த முடிதான் பிற்பாடு பந்து பந்தாக அழகாயிற்று என்று பூடில்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் பூடில் பித்து. மடியில் நாய் இருந்தால் கூடவே ஒரு கத்தரிக்காரரும் வேண்டும். அப்படித்தான் பாரிஸில் இது முழுநேரத் தொழிலானது.

அந்தத் தொழிலாளிகள் கடை போட்ட இடம் போன் நெஃப் பாலமும் சேன் ஆற்றங்கரையும். 1607ல் கட்டி முடித்த பாலம் அது. அதுவரை பாரிஸ் பாலங்களின் மேல் வரிசையாக வீடுகள் இருக்கும். இதில் வீடு கிடையாது, இரண்டு பக்கமும் அகலமான நடைமேடை. பல் பிடுங்குகிறவர், பாட்டுப் பாடுகிறவர், பழைய புத்தகம் விற்கிறவர் எல்லாரும் அங்கேதான். அந்தக் கூட்டத்தில் ஒரு மரப்பெட்டியோடு நாய்க்கு முடி வெட்டுகிறவரும் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் கத்தரிகள், பெட்டிமேல் அவரே, பக்கத்தில் ஒரு விளம்பரப் பலகை. அந்தப் பலகைகளில் வழக்கமாக இருக்கும் வாசகம் இந்தத் தொழிலைப் பற்றி நிறையவே சொல்கிறது: நாய்களுக்கு முடி வெட்டுவோம், பூனைகளுக்குக் காயடிப்போம், வீட்டுக்கும் வந்து செய்து தருவோம்.

இரண்டும் ஒரே கை! அதே பெட்டி, கிட்டத்தட்ட அதே கத்தரி. போன வாரம் மாடிவீட்டுப் பூனையை அலறவிட்ட ஆள் இன்றைக்கு நாயைப் பிடிக்கிறார். அவருடைய கையிலும் உடுப்பிலும் ஏறியிருக்கும் வாசனைகளை நாய் படிக்காமலா இருக்கும்? வீட்டுக்குப் போன பூடில் அடுப்படி மூலையில் ஒடுங்கியிருந்தால், எஜமானி அதை என்ன சொல்லி விளக்கியிருப்பாள் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

ஜான் ஜேம்ஸ் ஷலோன் என்று ஒரு ஓவியர். ஜெனீவாவில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். பாரிஸ் மக்களின் அன்றாட வாழ்க்கையைக் கல்லச்சுப் படங்களாகப் போட்டார். 1820ல் வந்த ஒரு படத்தில் நாய்க்கு முடி வெட்டும் பெண்கள் இருக்கிறார்கள். ஆமாம், பெண்கள். பூடிலை மடியில் கிடத்திக்கொண்டு வெட்டுகிறார்கள். அந்தப் படத்தை நான் போனில் பெரிதாக்கிப் பார்த்தது நாயின் முகத்துக்காக அல்ல, வெட்டுகிறவள் உட்கார்ந்த வாகுக்காக. மடியில் கிடத்தினால் நாயின் எடை முழுக்க மனித உடம்பின்மேல் இருக்கும். இடது முழங்கை கழுத்துப் பக்கம் அணை. இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தரியைத் தோலுக்குப் படுக்கையாக விட வேண்டும். செங்குத்தாக விட்டால் தோல் மடிந்து கத்தரிக்குள் வந்துவிடும். நாய் துடித்தால் முதலில் தெரிவது கண்ணுக்கு அல்ல, தொடைக்கு. உடனே நிறுத்திவிடலாம். இன்றைக்கு நான் மேஜையில் நிறுத்தி வெட்டுகிறேன். என் தொடைக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்று. பாலத்தில் கூண்டு கிடையாது, காத்திருப்பு அறை கிடையாது. நாயை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்ச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் கிடையாது. நாயைக் கொண்டுவந்தவர், எஜமானியோ வேலைக்காரரோ, பக்கத்தில்தான் நின்றாக வேண்டும். அப்பாவின் அப்பா நெல்லைப் பக்கம் மரத்தடியில் பெட்டி வைத்துத் தொழில் செய்தவர். அவரிடம் மொட்டைக்கு வந்த குழந்தையின் தாய்மாமன் எங்கே நின்றாரோ, அங்கே பாரிஸில் நாய்க்காரர் நின்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற பாரிஸ் படத் தபாலட்டைகளில்கூட இதைப் பார்க்கலாம். ஆற்றங்கரைப் படிக்கட்டில் ஒருவர் நாயைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வெட்டுகிறார், சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். அங்கேயே ஆற்றில் இறக்கிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறவர்களும் இருந்தார்கள்.

பூடில் அந்தக் காலத்தில் எங்கெல்லாம் நுழைந்தது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஷோப்பன்ஹவர் என்ற ஜெர்மன் தத்துவஞானி ஃபிராங்ஃபர்ட்டில் வரிசையாகப் பூடில்களை வளர்த்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ஆத்மா. உபநிஷத்துப் படித்த பாதிப்பு. ஒரு ஆத்மா போனால் அடுத்த நாய்க்கும் அதே பெயர்தான்.

வெட்கக் கதைக்கு வருகிறேன். அதற்கு இலக்கிய அந்தஸ்து கொடுத்தவர்கள் ஆங்கிலேயர்கள். கவிஞர் எலிசபெத் பேரட்டுக்கு ஒரு காக்கர் ஸ்பேனியல் இருந்தது, பெயர் ஃப்ளஷ். லண்டனில் நாய் திருடுகிறவர்கள் அதை மூன்று தடவை தூக்கிப்போய்ப் பணயம் கேட்டார்கள். 1846ல் அவர் ராபர்ட் பிரௌனிங்கை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு இத்தாலிக்குப் போனபோது ஃப்ளஷும் போனது. இத்தாலிய வெயிலில் தெள்ளுப்பூச்சித் தொல்லை தாங்க முடியவில்லை. ஃப்ளஷின் கதையை வர்ஜீனியா வுல்ஃப் 1933ல் நாயின் வாழ்க்கை வரலாறாகவே எழுதினார். அதில் பிரௌனிங்கே கத்தரியை எடுத்து ஃப்ளஷைச் சிங்கம் மாதிரி வெட்டிவிடுகிறார். கூடவே அதன் குலப்பெருமையும் உதிர்ந்துபோகிறது. முதலில் வெட்கம், பிறகு ஒரு விடுதலை உணர்ச்சி. வுல்ஃப் அதை எழுதியிருக்கும் விதம் அபாரம். ஆனால் தொழில்காரன் கண்ணோடு படித்தால் வேறொன்று தெரிகிறது. தெள்ளுப்பூச்சி மண்டிய கனத்த முடி போனால் நாய் லேசாகத்தான் ஆகும், துள்ளத்தான் செய்யும். சடை விழுந்த நாய்களில் இதை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

வுல்ஃபுக்கு முன்னால் விஞ்ஞானிகளும் இதே பாதையில்தான் போனார்கள். நாய்க்கு வெட்கம் உண்டு என்ற பேச்சு டார்வினிடமே இருக்கிறது. அவருடைய சிஷ்யர் ரொமானஸ் 1882ல் விலங்குகளின் அறிவு பற்றி எழுதிய புத்தகத்தில் தன் டெரியர் நாயைப் பற்றிச் சொல்கிறார்: ஈ பிடிக்கத் தவறியதைப் பார்த்துச் சிரித்ததும், அது பிடித்துவிட்ட மாதிரி நடித்ததாம்.

இதைத் தலைகீழாகத் திருப்பியவர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ். நியூயார்க்கில் நாய்களின் நடத்தையை ஆராய்கிறவர். 2009ல் வெளியிட்ட சோதனையில் 14 நாய்களை வைத்து, ‘குற்ற உணர்ச்சி முகம்’ எப்போது வருகிறது என்று பார்த்தார். தின்னக்கூடாது என்று சொன்னதை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமில்லை. எஜமானர் திட்டினால் வந்தது. தின்னாத நாயைத் திட்டினாலும் வந்தது. நாயின் முகத்தில் நாம் படிப்பது பாதி நேரம் நம் முகத்தின் எதிரொலி.

என் கடை வாசலில் இந்தச் சோதனை தினமும் நடக்கிறது. நாயைத் திருப்பி எடுத்துப்போகக் குடும்பமே வரும். கதவைத் திறந்து விட்டதும், “ஐயோ, எலிக்குட்டி மாதிரி ஆயிட்டியேடா!” என்று ஒரு சிரிப்பு. பையன் போனைத் தூக்கி வீடியோ எடுப்பான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய நாய் பாதியில் நிற்கும், காது பின்னால் போகும், தலையைத் தாழ்த்தி நாக்கால் மூக்கை நக்கும். தெரிந்த மனிதர்கள் திடீரென்று தெரியாத சத்தம் போடுகிறார்கள், அவ்வளவுதான் அதற்குப் புரிகிறது. வெட்டுவதற்கு முன்னால் சிரித்திருந்தாலும் அப்படித்தான் நின்றிருக்கும்.

தொழில் பாலத்திலிருந்து கட்டடத்துக்குள் போனது லண்டனில். 1859ல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி, 1873ல் கென்னல் கிளப், அதற்கப்புறம் இனத்துக்கு இவ்வளவு முடி, இந்த உயரம், இந்த வளைவு என்று சட்டம் மேல் சட்டம். 1890களில் பணக்காரர்கள் கடைக்குப் போகும் நியூ பாண்ட் தெருவிலேயே நாய்களுக்கென்று ஒரு ஒப்பனைக் கிளப் நடந்தது. வண்டியில் வந்து இறங்கும் நாய்களைக் குளிப்பாட்டி, சீவி, அனுப்பிவைத்தார்கள். அங்கேதான், என் கணக்கில், முக்கியமான ஒன்று மாறியது. நாய் கதவுக்கு இந்தப் பக்கம், எஜமானி அந்தப் பக்கம். அதுவரை கத்தரிக்கு மட்டும் பயந்த நாய்க்கு ‘விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்’ என்ற பயமும் சேர்ந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் காலைச் சுற்றிச் சுற்றி வரும், பாத்ரூம் கதவுக்கு வெளியே காவல் கிடக்கும் நாய்களைப் பற்றிக் கேள்விப்படும்போது நான் முடியைப் பற்றி யோசிப்பதில்லை, அந்தக் கதவைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

அடுத்தது சத்தம். ஆஸ்திரேலியாவில் உல்ஸ்லி என்பவர் செய்த இயந்திரத்தை வைத்து 1888ல் ஒரு பண்ணை ஆடுகள் மொத்தத்துக்கும் கம்பளி கத்தரித்தார்கள். மின்சாரத்தில் ஓடும் கைக்கடக்கமான கிளிப்பருக்கு அமெரிக்காவில் லியோ வால் 1919ல் காப்புரிமை கேட்டார். 1922ல் விஸ்கான்சினில் ரசீன் என்ற ஊரில் மேத்யூ ஆன்டிஸ். அதே ஊரில் 1924ல் ஜான் ஆஸ்டர், பெண்களின் ‘பாப்’ வெட்டுக்காகக் கையால் அழுத்தும் கிளிப்பரில் ஆரம்பித்து 1928ல் மோட்டாருக்கு வந்தார். மூன்று பேரும் மனிதத் தலையை நினைத்துத்தான் செய்தார்கள். இன்று உலகம் முழுக்க நாய் முடி வெட்டுகிறவர்கள் கையில் பெரும்பாலும் இந்த மூன்று பெயர்களில் ஒன்று இருக்கிறது. என் கையிலும்.

கத்தரியால் ஒரு மணி நேரம் ஆகும் உடம்பைக் கிளிப்பர் கால் மணியில் முடித்துவிடும். அதன் விலையை நாய் இரண்டு விதமாகக் கொடுக்கிறது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க் காது 40ஐத் தாண்டியும் கேட்கும். நமக்கு ‘ர்ர்ர்’ என்று கேட்பது அதன் மண்டைக்குள் என்னவாகக் கேட்கிறதோ. முகத்தின் பக்கம் போகும்போது தாடை எலும்பே அதிரும். இரண்டாவது, சூடு. பத்தாம் நம்பர் பிளேடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டும். நாற்பதாம் நம்பர் போட்டால் கால் மில்லிமீட்டர்தான் மிஞ்சும், ஆபரேஷனுக்கு முன் வெட்டுகிற அளவு. இரும்பும் இரும்பும் உரசி ஓடினால் பத்து நிமிஷத்தில் கொதிக்கும். அதை அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் வைத்தால் என்ன ஆகும்? மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்காமல் நான் பிளேடை நாய்மேல் வைப்பதில்லை. அந்தப் பழக்கம் இல்லாத கையில் வெட்டிக்கொண்டு போன நாய் ராத்திரி முழுக்க ஒரே இடத்தை நக்கும், தரையில் பின்புறத்தைத் தேய்த்து இழுக்கும். வீட்டில் அதற்கு ‘பிடிவாதம்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் ஒரு பெரிய சந்தை வேண்டுமே. அதைப் பூடிலே உண்டாக்கியது. 1935ல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் ஒரு வெள்ளைப் பூடில் முதல் பரிசு வாங்கியது. அதைக் கூட்டிவந்தவர் அதன் சொந்தக்காரப் பெண்மணி ஹேஸ் பிளேக் ஹோய்ட். பிறகு 1960லிருந்து 1982 வரை அமெரிக்காவில் அதிகம் பதிவான இனம் பூடில். பூடில் உதிராமல் வளரும் முடி உள்ள நாய், வெட்டாமல் விட முடியாது. ஊருக்கு ஊர் கடைகள் முளைத்தன. 1969ல் அமெரிக்காவில் நாய் முடி வெட்டுகிறவர்களுக்குத் தேசியச் சங்கமே வந்தது. தூணில் கழுத்துவார் தொங்கும் மேஜை, அடுக்கடுக்காகக் கூண்டு, கூண்டின் கதவில் மாட்டும் டிரையர் எல்லாம் இந்த அவசரத்தில் வந்தவை. கூண்டு டிரையரை நான் தொடுவதில்லை. பக், ஷிட்சு மாதிரி சப்பை மூக்கு நாய்கள் சூட்டை மூச்சால்தான் தணிக்க வேண்டும். அந்த மூச்சே அவற்றுக்கு அரைகுறை. கூண்டில் சூடான காற்றோடு மறந்துவிட்டால் அது வெறும் ‘குண மாற்றத்தோடு’ நிற்காது.

சரி, ஓடுகிற நாய்கள்? இதற்கு அழகான விளக்கம் இருக்கிறது. நனைந்த பிராணி உடம்பை உதறுவது சாதாரணக் காரியம் இல்லை. ஜார்ஜியா டெக் கல்லூரியில் டேவிட் ஹூவும் ஆண்ட்ரூ டிக்கர்சனும் இதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2012ல் எழுதினார்கள். லாப்ரடார் வினாடிக்கு நாலு தடவைக்குச் சற்று மேல் உதறுகிறது, சுண்டெலி முப்பது தடவை அளவுக்கு. உடம்பு சிறுக்கச் சிறுக்க வேகம் கூடியாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உதிராது. சின்ன நாயின் உடம்பில் ஈரம் என்பது பெரிய சுமை, சீக்கிரம் குளிரும். அதை மேஜையில் கட்டிவைத்து, உதற விடாமல் பிடித்து, ஒன்றரை மணி நேரம் ‘நில்லு, நில்லு’ என்று நிற்கவைத்தால் வீட்டுக் கதவு திறந்ததும் ஓடாமல் என்ன செய்யும்? ஓடட்டும். வழுக்குத் தரையில் மட்டும் ஒரு பாயைப் போடுங்கள். அதே நாய் வயசானதாக இருந்தால் ஓடாது, சாயங்காலமே தூங்கப் போய்விடும். இடுப்பு வலி.

சோபாவில் தேய்ப்பதும் பக்கத்து நாய் உறுமுவதும் வாசனை விவகாரம். இங்கேயும் ஹொரோவிட்ஸ்தான். 2017ல் அவர் வெளியிட்டது கண்ணாடிக்குப் பதில் வாசனையை வைத்த ஒரு சோதனை. தன் மூத்திர வாசனையில் வேறொன்றைக் கலந்து வைத்தால் நாய் கூடுதல் நேரம் நின்று மோந்து பார்க்கிறது. தான் எப்படி மணக்க வேண்டும் என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாங்கள் ஸ்ட்ராபெர்ரி ஷாம்பு போட்டுக் கழுவி, மேலே கொலோன் அடித்து அனுப்புகிறோம். வாங்கிக்கொள்ளும் மனிதருக்கு அது சுத்தத்தின் மணம். நாய்க்குத் தன்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. வீட்டில் இருக்கும் இன்னொரு நாய்க்கு உருவம் மட்டும் தெரிந்தது, ஆள் புதிது. இரண்டையும் ஒரு பழைய போர்வையில் படுக்கவைத்தால் பெரும்பாலும் ஒரு ராத்திரியில் சமாதானம் ஆகிவிடும். கொலோனை நான் விட்டே வருஷமாகிறது. “வாசனையே இல்லையே, நிஜமாவே குளிப்பாட்டினீங்களா?” என்று கேட்பவர்களையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

நம்மூருக்கு இந்தத் தொழில் வேர் விடாமல் வந்து இறங்கியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாய்கள் எல்லாமே குட்டை முடி. கையால் தடவினாலே போதும், கத்தரிக்கு வேலையில்லை. வெள்ளைக்காரர்கள் வீட்டு நாய்களைக் குளிப்பாட்டவும் நடத்திப் போகவும் ஆள் வைத்திருந்தார்கள். வடக்கே ‘டோரியா’ என்பார்கள், கயிறு பிடிக்கிறவர் என்று பொருள். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஸ்பிட்ஸ் வகை இங்கேயே பெருகி, நம் வீடுகளில் ‘பொமரேனியன்’ ஆகி, மத்தியதர வர்க்கத்தின் முதல் முடி நாய் ஆயிற்று. அதற்குக் கடை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீர், மனிதர் போடும் சோப்பு, தாத்தாவின் பழைய சீப்பு. இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. 1976லிருந்து மெட்ராஸ் கேனைன் கிளப்பும் உண்டு. கண்காட்சிக்காரர்கள் தங்கள் நாய்களைத் தாங்களே சீவிக்கொண்டார்கள். ஷிட்சுவும் லாசாவும் அடுக்குமாடி வீடுகளுக்குள் வந்த பிறகுதான் எங்களுக்குப் பிழைப்பு.

கத்திரி வெயில் தொடங்கினால் எனக்குக் கத்தரி வேலை. “மொட்டை அடிச்சு விட்ருங்கண்ணா, பாவம், சூடு தாங்கல” என்று பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழனிக்கும் திருப்பதிக்கும் மொட்டை போடும் ஊரில் இது இயல்பான யோசனைதான். ஆனால் அந்த நாய்க்கு மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு. அடியில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும். மழித்தால் தோல் நேரடியாக வெயிலில் நிற்கும். சில நாய்களுக்கு முடி திரும்ப வளர மாசக்கணக்கு ஆகும், திட்டுத் திட்டாக வளரும், சிலதுக்கு வளராமலேயே போகும். அடிமுடியைச் சீவி எடுத்தாலே காற்று ஓடும் என்று சொல்லிப் பார்ப்பேன். பத்தில் ஏழு பேர் கேட்டுக்கொள்வார்கள், மூன்று பேர் அடுத்த தெருவுக்குப் போவார்கள்.

மழித்தே ஆக வேண்டிய நாயும் வரும். போன மழைக்காலத்தில் ஒரு லாசா வந்தது. உரிமையாளர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நாலைந்து மாசம் யாரும் சீவவில்லை. காதும் கழுத்தும் ஒரே கம்பளமாகச் சேர்ந்து, தலையைத் திருப்பினால் முன்கால் தோல் இழுபட்டது. மேலே சீப்பு இறங்காது; தோலுக்கும் சடைக்கும் நடுவில் பத்தாம் நம்பர் பிளேடை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும். அடியில் தோல் ரோஜா நிறத்தில், ஈரமாக, ஒரு நாற்றத்தோடு இருந்தது. காதுகளைக் கடைசியில்தான் தொட்டேன். அத்தனை நாள் இறுக்கிக் கிடந்த காதுக்குள் திடீரென்று ரத்தம் ஓடும்போது நாய் தலையை வெறித்தனமாக உதறும். காது மடல் பக்கத்தில் அடிபட்டு உள்ளே ரத்தக்குழாய் உடைந்து பை மாதிரி வீங்கிவிடும். அதனால் காதுகளைத் தலையோடு சேர்த்து மெல்லிய துணியால் சுற்றிக் கட்டினேன். கூட்டிப்போக வந்த பாட்டி, “என்ன தம்பி, பல்வலிக்காரி மாதிரி கட்டி வச்சிருக்க?” என்றார். ராத்திரி வரைக்கும் அவிழ்க்காதீங்க பாட்டி என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். மாடிப்படி ஏறுகிறதாம். வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தார்களாம்.

பயந்த பிராணியைப் பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு என்று பாடம் எழுதியவர் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோஃபியா யின். 2009ல் வந்த அவருடைய புத்தகத்தில் படம் படமாகக் காட்டியிருக்கிறார்: எங்கே கை வைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், கிளிப்பர் சத்தத்துக்குத் தின்பண்டத்தோடு எப்படிப் பழக்க வேண்டும். அது மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதியது, எங்கள் மேஜைக்கும் அப்படியே பொருந்துகிறது. முதல் தடவை வருகிற குட்டிக்கு நான் முடியே வெட்டுவதில்லை. மேஜை, தண்ணீர், அணைத்த கிளிப்பர், பிறகு ஓடுகிற கிளிப்பர், நாலு துண்டு வேகவைத்த கோழி, வீட்டுக்கு. “இதுக்குக் காசா?” என்று கேட்பார்கள். பாதிக் காசுதான். வீட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறேன், அதில்தான் துவட்டுகிறேன். நேரம் இருக்கிறவர்களைக் கூடவே நிற்கச் சொல்கிறேன், போன் எடுக்காமல், சிரிக்காமல். நாயைவிட அவர்களுக்குத்தான் அது கஷ்டம்.

இப்போது வேனிலேயே தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டரும் வைத்து வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். வீட்டுக்கு வந்து செய்து தருவதாக எழுதிய பாரிஸ் பலகைக்காரர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நானும் ஒன்று வாங்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஜெனரேட்டர் சத்தம்தான் யோசிக்க வைக்கிறது. கதவையும் கூண்டையும் ஒழித்துவிட்டு, அந்தத் தகரப் பெட்டிக்குள் கிளிப்பரைவிடப் பெரிய சத்தத்தைக் கொண்டுவைத்த மாதிரி ஆகிவிடும். பேட்டரியில் ஓடுவது வந்திருக்கிறதாம், விலை கேட்டிருக்கிறேன்.

அதுவரை போன் அடிக்கத்தான் செய்யும். கட்டிலுக்கு அடியில் இருந்தால் இருக்கட்டும், இழுக்காதீர்கள், தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் தள்ளி வையுங்கள் என்பேன். எந்த இடத்தை நக்குகிறது, தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறதா, மூச்சு எப்படி என்று கேட்பேன். ஒரு நாள் தாண்டியும் சாப்பிடவில்லை என்றால், இல்லை, ஓர் இடத்தைத் தொட்டால் கத்துகிறது என்றால், அதற்கப்புறம் எனக்குப் போன் போடக்கூடாது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும், போகும்போது என் கடையில் எந்த நம்பர் பிளேடு போட்டோம் என்று பில்லின் பின்னால் எழுதியிருப்பதையும் காட்ட வேண்டும்.